இருபத்திரண்டு குரல்கள்

கண்ணு, ஆண்டவர் உன்னையும் உன் மனைவியையும் கையில் ஏந்திக்கொள்ளட்டும். நீ போனில் கேட்ட பிளான் தயாராகிவிட்டது. கனடாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை நாம் ஐந்து பேரும் குருசுப்பாறை ஏறி இறங்க வேண்டும், அதற்கான பிளானை நான்தான் போட வேண்டும், அம்மா போட்டால் ஒன்றும் விட்டுப் போகாது என்று சொன்னாய். நீ மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அம்மா போட்டால் ஒன்றும் விட்டுப் போகாது. அந்த மலையில் நான் எதை விட்டுவிட்டு வந்தேன் என்பது உனக்குத் தெரியும். பதினோரு வயதில் இருந்தே தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாய். அதனால் இந்தக் கடிதத்தில் பிளானும் இருக்கும், மற்றதும் இருக்கும்.

முதலில் பிளான். காலை ஆறரைக்கு நம் ஊட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வெள்ளக்கடையிலிருந்து ஏற்காடு பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து மஞ்சக்குட்டை பஸ். நீ வாடகைக் கார் எடுக்கலாம் என்றாய். வேண்டாம், உன் அப்பாவுக்கு வளைவில் கார் ஆகாது, பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தால் தாங்குவார். மஞ்சக்குட்டையில் டீ குடித்துவிட்டு, எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இப்போதெல்லாம் காட்டெருமை காப்பித் தோட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. வெயில் நன்றாக விழுந்த பிறகு நடந்தால் போதும். எதிரே நின்றால் போட்டோ எடுக்கக் கூடாது, அது தானாக விலகும் வரை நிற்க வேண்டும், இதை உன் மனைவியிடம் சொல்லி வை. சில்வர் ஓக் வரிசை முடிகிற இடத்தில் குழாய்த் தண்ணீர் வரும், ஆனாலும் தலைக்கு ஒன்றரை லிட்டர் கொண்டு போக வேண்டும். அங்கிருந்து ஒரு மணி நேரம் ஏறினால் பந்திப்பாறை. நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு பெரிய தட்டைப் பாறை. அதற்கு மேல் முக்கால் மணி நேரம் ஏறினால் உச்சியில் குருசு, சிலுவையடிக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். சின்ன மலைதான். சேலத்துப் பிள்ளைகள் இப்போது செருப்புக் காலோடு ஏறிப் படம் பிடித்துப் போடுகிறார்களாம். புளிச்சோறு கட்டுகிறேன், குரங்கு இருப்பதால் பையின் வாயைக் கயிற்றால் கட்ட வேண்டும். உன் மனைவி கொண்டு வருகிற அந்த மரக்கட்டை மாதிரியான சாக்லேட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆத்திர அவசரத்துக்கு ஆகும். மூடுபனி இறங்கினால், எதிரே இருக்கிற அடுத்த மரம் தெரியாத அளவுக்கு இறங்கினால், ஒரு அடி கூட எடுத்து வைக்கக் கூடாது. நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

இதன் நகல் ஒன்றை நம் கோவிலின் பங்குப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். மாதா சபைச் செயலாளரிடம் சொன்னபோது, "எதுக்குங்கக்கா பழசக் கிளறறீங்க, யாருக்கு ஞாபகம் இருக்குது" என்றாள். யாருக்கும் ஞாபகம் இல்லை என்பது உண்மைதான். அன்றைக்கு என்னோடு மலை ஏறிய பெண்களில் பாதிப் பேர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள், மீதிப் பேரில் இரண்டு பேருக்குக் காது கேட்காது. நான் யாரிடம் பொய் சொன்னேனோ அவர்களிடம் போய் உண்மையைச் சொல்ல முடியாத காலம் வந்துவிட்டது. ஆனாலும் அவர்களுடைய பிள்ளைகள் படிப்பார்கள். அந்தப் பிள்ளைகள்தான் உன் தங்கையை இன்னும் அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான் என்று உனக்குத் தெரியும். ஞானோபதேசப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டப் படித்தேன். எழுதுவதையும் எண்ணுவதையும் உன் அப்பாவின் பழைய செக்ரோல் தாள்களைப் பார்த்துப் படித்தேன். எஸ்டேட்டில் தினம் காலையில் ஆள் பேர் எழுதுகிற தாள் அது. கல்யாணமான புதிதில், உன் அப்பா ரைட்டர் வேலை முடிந்து வந்து சாப்பிடும்போது நான் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகப் படிப்பேன். ஒரு நாள், "ஏனுங்க, இதுல உங்க பேரு எங்கீங்க?" என்று கேட்டேன். "பேரு எழுதறவன் பேரு செக்ரோலுல வராது புள்ள" என்று சிரித்தார். அது எனக்கு நொம்பப் பிடித்துப் போனது. அதற்குப் பிறகு நான் எந்த லிஸ்டு எழுதினாலும் என் பேரை எழுதியதில்லை. பூசைக்குப் பூ கொண்டு வருகிறவர்கள், வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள், ஊட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது, எல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பேன். மாதா சபையில் எந்தக் காரியம் என்றாலும் அந்த நோட்டைக் கொண்டு வரச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த டீச்சரம்மாக்கள் நான்கு பேர் இருக்கும்போது, மூன்றாம் வகுப்புக்காரியின் நோட்டைக் கேட்பார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

உனக்குப் பதினோரு வயதான அந்த வருஷம், மாதா விண்ணேற்புத் திருநாள், ஆகஸ்டு பதினைந்து, பூசை முடிந்து குருசுப்பாறைக்குப் போனோம். பெண்கள் பதின்மூன்று, பிள்ளைகள் ஒன்பது, மொத்தம் இருபத்திரண்டு பேர் என்று நோட்டில் எழுதினேன். வழக்கம்போல என்னைச் சேர்க்கவில்லை. உன் அப்பாவுக்கு அன்றைக்கு எஸ்டேட்டில் கொடியேற்றம், வரவில்லை. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. குருசடியில் செபித்துவிட்டு, பந்திப்பாறைக்கு இறங்கி வந்து சாப்பிட்டோம். உன் தங்கைக்கு ஆறு வயது. கால் வலிக்கிறது, குளிருகிறது என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டே சுற்றினாள். எனக்குப் பாத்திரம் ஒதுக்க வேண்டும், மிச்சச் சோற்றைப் பிரிக்க வேண்டும். பாறைக்குக் கீழ்ப்பக்கம் காற்றுப் படாத ஒரு குடைவு இருக்கிறதே, அங்கே அவளைக் கொண்டு போய் உட்கார வைத்து, என் துண்டைப் போர்த்திவிட்டு, "அம்மா வந்து கூப்பிடற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது சாமி" என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். நான் வந்துவிட்டேன்.

பாத்திரத்தைக் கட்டி முடிப்பதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. பக்கத்தில் நிற்கிறவளின் சேலை நிறம்கூடத் தெரியவில்லை. மழையும் வரும்போல இருந்தது. எல்லோருக்கும் பயம். சீக்கிரம், சீக்கிரம் என்று ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வரிசையில் நிற்க வைத்தேன். தலையை எண்ணலாம் என்றால் தலை தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்தபோது அது மாதாவே கொடுத்த யோசனை என்று நினைத்தேன். செபமாலை சொல்லிக்கொண்டே இறங்குவோம், முன்னால் இருந்து பின்னால் வரைக்கும் ஆளுக்கு ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லுங்கள், நான் குரலை எண்ணிக்கொள்கிறேன் என்றேன். செபமாலையில் ஒருத்தர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து மறு பாதியைச் சொல்வோம் இல்லையா, அந்த முதல் பாதிக் குரலை எண்ணினேன். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு மணி தள்ளினேன். கடைசியில் நடந்தவள் நான். என் முறை வந்தபோது நானும் சொன்னேன், மணியைத் தள்ளினேன். இருபத்திரண்டு. நோட்டில் இருபத்திரண்டு, குரல் இருபத்திரண்டு. கணக்கு ஒத்துப் போனால் எனக்கு வருகிற அந்த நிம்மதி அப்போதும் வந்தது. குடைவில் உட்கார வைத்தவளை யாரோ கூட்டி வந்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள் என்று அந்தக் கணக்கே எனக்குச் சொல்லிவிட்டது. மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

நீ எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாய். இரண்டாவது சுற்று ஆரம்பித்தபோது திரும்பி என் கையைப் பிடித்தாய். "அம்மா, பாப்பா சத்தம் கேக்கல" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நான் அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். "கணக்கு சரியா வந்துருச்சு, வாய மூடிட்டு செபத்தச் சொல்லு" என்றேன். நீ இன்னும் ஒரு முறை சொன்னாய். உன் தோளில் ஓர் அடி வைத்தேன். அதற்குப் பிறகு உன் முறை வந்தபோது நீ அழுதுகொண்டே அந்தச் செபத்தைச் சொன்னாய். பனியில் தொண்டை கட்டிவிட்டது போல என்று முன்னால் போனவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ரோட்டுக்கு வந்து சேர்ந்ததும் பிள்ளைகளுக்கு பன் கொடுத்தேன். ஒன்பது பன் எண்ணி வாங்கி வைத்திருந்தேன். நோட்டைப் பார்த்துப் பேர் வாசித்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். உன் தங்கை பேரைச் சொன்னபோது யாரும் வரவில்லை. கையில் ஒரு பன் நின்றுவிட்டது. அந்த நிமிஷத்தில் எங்கே பிழை என்று எனக்குப் புரிந்துவிட்டது கண்ணு. மலையைப் பார்த்து ஓடுவதற்கு முன்னால், என்னைச் சேர்த்து எண்ணிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு தாய்க்கு முதலில் பிள்ளை ஞாபகம் வர வேண்டும். எனக்குக் கணக்கின் ஞாபகம் வந்தது.

நானும் இரண்டு பெண்களும் திரும்ப ஏறினோம். நீயும் சொல் கேட்காமல் பின்னால் வந்தாய். பந்திப்பாறையை விட்டு நாம் இறங்கியது பன்னிரண்டே காலுக்கு, திரும்ப அங்கே வந்தபோது மணி மூன்று. அவள் உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு முழம்கூட நகரவில்லை. மழை பெய்து துண்டு நனைந்து கிடந்தது. விறகு பொறுக்க வந்த ஒரு அம்மா தன்னுடைய சாக்கை அவள் மேல் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே குந்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "கூப்புட்டுப் பாத்தேனுங்க, வர மாட்டேனுருச்சுங்க. அம்மா வந்து கூப்புடாம எந்திரிக்கக் கூடாதாமா" என்றார். உன் தங்கையின் உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்து, "இப்ப எந்திரிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

என்னோடு வந்த இரண்டு பெண்களும் அந்த அம்மா சொன்னதைக் கேட்கவில்லை, அவர்கள் அப்போதுதான் மூச்சு வாங்க மேலே வந்துகொண்டிருந்தார்கள். ஏறி வந்ததும், "எப்புடிக்கா, எண்ணித்தான வந்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டு வந்தேன். உன் தங்கையின் கன்னத்தில் அறைந்தேன். "எண்ணினப்ப இருந்தா. நடுவுல நழுவி வந்து ஒளிஞ்சுக்கிட்டா, கண்ணாமூச்சி ஆடறா கழுத" என்றேன். விறகு பொறுக்கிய அம்மா என்னைப் பார்த்தார். "அப்புடீங்களா" என்றார். பிள்ளை மேல் இருந்த சாக்கை எடுத்து உதறி, விறகுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சொல்லாதே என்று நான் வாயால் சொல்லவில்லை. கண்ணால் சொன்னேன். நீ நல்ல பிள்ளை, கேட்டுக்கொண்டாய்.

இதுதான் நான் உனக்குச் செய்தது. தங்கைக்குச் செய்ததை எல்லோரும் பார்க்கலாம், உனக்குச் செய்தது கண்ணுக்குத் தெரியாது. பெரியவர்கள் நோட்டை வைத்துக்கொண்டு பேசும்போது, தான் கேட்டதையும் பார்த்ததையும் விழுங்கிக்கொள்ள வேண்டும் என்று உனக்குக் கற்றுக் கொடுத்துவிட்டேன். உன் ஆபீசில் உன் வேலையை இன்னொருத்தன் தன் பேரில் போட்டுக்கொண்டான் என்று உன் மனைவி ஒரு முறை வருத்தப்பட்டுச் சொன்னாள். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை அத்தை என்றாள். அந்த வாயைக் கட்டியவள் நான்தான் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போகிற ஊரிலாவது வாயைத் திறந்து பேசு. இந்த வயதில் சொன்னால் வந்துவிடுமா என்று கேட்டால், வராது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

கண்ணாமூச்சி என்ற பேர் அவளுக்கு நிலைத்துவிட்டது. கோவிலில், ஸ்கூலில், பஸ்ஸில். "ஏன் கண்ணாமூச்சி, இன்னைக்கு எங்க ஒளியப் போற?" என்று எல்லோரும் கேட்டுச் சிரிப்பார்கள். அவள் முதல் ஒரு வருஷம், நான் ஒளியவில்லை, அம்மாதான் உட்காரச் சொன்னது என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். அடம் குறைந்துவிட்டது, பிள்ளை திருந்திவிட்டாள் என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

கல்யாணத்துக்குத் தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களே, அவளுக்கு இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியாது. நீ அப்போது ஓசூரில் இருந்தாய். பூசை முடிந்து வந்து, அடுப்படியில் என் பின்னால் வந்து நின்றாள். "அம்மா, மாப்ள ஊட்டுக்குப் போனப்ப அவரு அவங்கம்மா மேல கைய ஓங்கினத நான் பாத்தேன். எனக்குப் பயமா இருக்குதும்மா. மூணாவது ஓல வாசிக்க வேண்டாம்னு ஃபாதர் கிட்டச் சொல்லும்மா" என்றாள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற லிஸ்டு என் கையில் இருந்தது. நான் அந்த லிஸ்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மறுபடியும் கண்ணாமூச்சியா? எல்லாம் முடிஞ்ச நேரத்துல ஒளியறதுக்கு எடம் தேடறயா?" என்றேன். நான் கட்டிய பொய்யை இருபது வருஷத்தில் நானே நம்பியிருந்தேன் சாமி. அவள் ஒளிகிற பிள்ளை என்று எனக்கே நிச்சயமாகத் தோன்றியது. தட்டை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்றாவது ஓலை வாசித்தார்கள்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். அந்த ஊட்டில் இரண்டு வருஷம் இருந்தாள். காது கேட்காமல் போகிற அளவுக்கு அடி வாங்கியபோதும் நம் ஊட்டுக்கு வரவில்லை, உனக்குத்தான் போன் பண்ணினாள், நீதான் திருப்பூரில் ஹாஸ்டல் பார்த்துக் கொடுத்தாய். ஓடி வந்துவிட்டாள் என்று ஊரில் பேசினார்கள். சின்னதிலிருந்தே அப்படித்தானே என்றும் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களுக்கு அந்தப் பேச்சை எடுத்துக் கொடுத்தவள் நான். ஒரு நாள் உன் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் திருப்பூருக்குப் போனேன். ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். என்னை நீ என்று கூப்பிட்ட பிள்ளை, யாரோ போல நீங்க என்றாள். நான் அழுதேன். ஊட்டுக்கு வந்துவிடு என்றேன். கேட்டில் சாய்ந்தபடி, சத்தம் போடாமல், "நான் ஒன்னு சொன்னா நீங்க நம்பறதுக்கு, கூட எத்தன பேரு வந்து சொல்லணுங்க?" என்று கேட்டாள். கொண்டு போன முறுக்குப் பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பஸ் என்று வழி சொல்லி அனுப்பினாள். ஆயிற்று மூன்று வருஷம்.

நான் கோவிலுக்குப் போகாத ஞாயிறு இல்லை, பாவசங்கீர்த்தனம் பண்ணாத மாதம் இல்லை. ஒவ்வொரு முறையும் "பொய் சொன்னேன் சாமி" என்று சொல்லியிருக்கிறேன். என்ன பொய் என்று எந்தச் சாமியாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லு என்பார்கள். எந்தச் செபத்தை வைத்து அவளைத் தொலைத்தேனோ அதையே தண்டனையாகச் சொல்லிவிட்டு வருவேன். சபையில் செபமாலை சொல்லும்போது இன்றைக்கும் குரலை எண்ணுகிறேன். நிறுத்த முடியவில்லை. எத்தனை எண்ணினாலும் ஒன்று குறைகிறது. ஆண்டவர் மன்னிப்பார் என்று விசுவாசிக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் மன்னித்தால் உன் தங்கையின் காது திரும்ப வருமா? அவருடைய மன்னிப்பு எனக்கு ஆகும், அவளுக்கு ஒன்றும் ஆகாது. இதை யோசிக்க ஆரம்பித்தால் செபம் பாதியில் நின்றுவிடுகிறது.

போன வாரம் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறையாக. காப்பியை ஆற வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "எழுதறவன் பேரு வராதுன்னு நாந்தான புள்ள சொல்லிக் குடுத்தேன்" என்றார். அந்தப் பழியில் பாதியை எடுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. எண்ணிக்கை பிசகியதில் வேண்டுமானால் அவர் பாடம் இருக்கலாம், அறைந்த கை என்னுடையது. அன்றிலிருந்து அவர் என்னோடு சாதாரணமாகத்தான் பேசுகிறார். ஆனால் உன் தங்கை கோவிலில் முதல் நன்மை வாங்கிய போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் போன் பண்ணினேன். எடுத்தாள். அண்ணன் கிளம்பப் போகிறான், எல்லோரும் ஒரு நாள் குருசுப்பாறை போகலாம் என்கிறான், நீயும் வா சாமி என்றேன். "அங்கீங்களா? அங்க நான் ஏற்கெனவே நொம்ப நேரம் இருந்துட்டேனுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, லீவு இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். இப்படி ஒரு கடிதம் எழுதுகிறேன், பத்திரிகையில் போடலாமா, உன் கதையும் அதில் வரும் என்று கேட்டேன். "போட்டுக்கோங்க. யாரு படிக்கப் போறாங்க" என்றாள். உங்கள் கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஆகையால் அவள் வர மாட்டாள் கண்ணு. கடைசி நேரத்தில் மனம் மாறி வந்து நிற்பாள் என்று நீ நினைக்காதே, நானும் நினைக்கவில்லை. நீ கனடாவிலிருந்து எப்போது திரும்புவாய் என்று உனக்கே தெரியாது. நாம் ஐந்து பேரும் ஒரே இடத்தில் நிற்கிற நாள் இனி நம் குடும்பத்தில் இல்லை. அது அவளுடைய மூன்றாவது ஓலையை வாசித்ததோடு முடிந்துவிட்டது. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன் சட்டையைப் பிடித்து இழுத்து எதையாவது சொன்னால், உன் கையில் இருக்கிற தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேள். தாளில் எல்லாம் சரியாக இருக்கும். அப்போதும் கேள்.

அவள் வராவிட்டாலும் நாம் போவோம். உனக்காகப் போட்ட பிளான் அப்படியே இருக்கட்டும், ஒரே ஒரு மாற்றம். எனக்கு முட்டி இருக்கிற நிலைமையில் பந்திப்பாறை வரைக்கும்தான் ஏற முடியும். டாக்டர் அதுகூடக் கூடாது என்கிறார். நீயும் உன் மனைவியும் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு குருசு வரைக்கும் போய் வாருங்கள். நான் பாறைக்குக் கீழே அந்தக் குடைவில் உட்கார்ந்துகொள்கிறேன். துண்டு கொண்டு வருகிறேன். அம்மா தனியாக இருக்கிறாளே என்று அவசரப்பட்டு இறங்கி வந்துவிடாதே. நீங்கள் பன்னிரண்டே காலுக்குக் கிளம்பினால் ஒரு மணிக்கெல்லாம் குருசடியில் இருப்பீர்கள், அங்கே எவ்வளவு செபித்தாலும் அரை மணி நேரம்தான் போகும். மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள், சேலம் தெரிகிறதா என்று உன் மனைவிக்குக் காட்டு, அந்தச் சாக்லேட்டைச் சாப்பிடுங்கள். மழை வந்தாலும் குருசடிக் கூரைக்குக் கீழேயே நில்லுங்கள். மூன்று மணிக்கு முன்னால் நீ என்னிடம் வரக் கூடாது. இதனால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும், நான் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று அவளிடம் சொல்லவும் வேண்டாம்.

யாராவது அந்த வழியாக வந்து கூப்பிட்டாலும் நான் போக மாட்டேன் சாமி. நீ வந்து கூப்பிடுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

உன் அம்மா